தை மந்தமும் புதுச்சரக்கும்

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது நம் பெரியோர் வாக்கு. ஆனால் மளிகைக் கடைக்காரருக்குத் தை பிறந்து நாலைந்து நாள் ஆனதும் பிறப்பது பெரும்பாலும் கொட்டாவிதான். மார்கழிக் கடைசியில் வெல்லம், பச்சரிசி, பாசிப்பருப்பு, முந்திரி, திராட்சை என்று நிற்க நேரமில்லாமல் கட்டிக் கொடுத்த கைகள், காணும் பொங்கல் கழிந்ததும் ஈ விரட்டத் தொடங்கிவிடுகின்றன. புத்தாண்டுக்கு மாட்டிய காலண்டரில் ஒரு மாதத் தாள் கிழிவதற்குள்ளேயே, "இந்த வருஷமும் இப்படித்தானா?" என்ற சலிப்பு வந்துவிடுகிறது.

இந்தச் சலிப்பைப் பற்றிச் சங்கக் கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை. வரி, உரிமம், வாடகை, பெரிய கடைகளின் போட்டி ஆகியவற்றைப் பேசுகிறோம். அவை பேச வேண்டியவைதான். ஆனால் கடைக்காரர் மனம் சோர்ந்து போவதும் ஒரு நஷ்டமே. பேரேட்டில் அதற்குத் தலைப்பு கிடையாது, அவ்வளவுதான். அந்த நஷ்டம் எப்படி வருகிறது, அதிலிருந்து மீள வழி என்ன என்பதை, எங்கள் கடையில் நாங்கள் பட்ட அனுபவத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

மந்தம் எதனால் வருகிறது?

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். தை, மாசி மந்தம் நம் கடைக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. அதற்குக் காரணங்கள் உண்டு.

தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று மூன்று மாதத்துக்குள் பண்டிகைகள் அடுக்கி வருகின்றன. குடும்பங்கள் கையிருப்பையெல்லாம் செலவழித்து முடித்திருக்கும். பொங்கலுக்கு வாங்கிய சரக்கில் கொஞ்சம் அடுக்களையிலேயே மீதியிருக்கும். ரேஷன் கடையில் பொங்கல் தொகுப்பும் கிடைக்கிறது. 2025 பொங்கலுக்கு அரிசி அட்டைதாரர்களுக்கு 1 கிலோ பச்சரிசி, 1 கிலோ சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு வழங்கப்பட்டன. அந்தச் சர்க்கரை தீரும்வரை நம் கடைச் சர்க்கரை மூட்டை அசையாது.

காவிரி டெல்டாப் பகுதிகளில் சம்பா அறுவடை இந்தக் காலத்தில்தான். நெல் வீட்டுக்கு வந்துவிட்டால் விவசாயக் குடும்பம் அரிசி வாங்கக் கடைக்கு வராது. நெல் விற்ற பணம் கைக்கு வந்த பிறகே மற்றச் சாமான்களுக்கும் வரும். மார்கழியில் நின்றிருந்த கல்யாணங்கள் தையில் தொடங்குவதால் மொய், துணிமணி, போக்குவரத்து என்று பணம் வேறு பக்கம் போகிறது. வருமான வரி பிடித்தம் உள்ள மாதச் சம்பளக்காரர்களுக்கு நிதியாண்டின் கடைசி மாதங்களில் சம்பளம் குறைத்தே வரும்.

ஆகவே இது தொழில் படுத்துவிட்டதன் அடையாளம் அல்ல. அலை ஏறி இறங்குவதைப் போன்றது. இறக்கத்தை மட்டும் பார்த்துக் கடல் வற்றிவிட்டது என்று எண்ணுவது தவறு.

கணக்கை நேராகப் பார்ப்போம்

நம்மில் பலர் பிப்ரவரி விற்பனையை ஜனவரியோடு ஒப்பிட்டு மனம் உடைகிறோம். பிப்ரவரிக்கு 28 நாள். ஜனவரிக்கு 31 நாள். தினசரி வியாபாரம் ஒரு ரூபாய்கூடக் குறையாவிட்டாலும், 3 நாள் குறைவதால் மட்டுமே மாத விற்பனை ஏறக்குறைய 10 சதவீதம் இறங்கிவிடும்.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ஒரு கடையில் ஜனவரி விற்பனை 3,72,000 ரூபாய். பிப்ரவரி விற்பனை 3,08,000 ரூபாய். 64,000 ரூபாய் குறைந்துவிட்டது, அதாவது 17 சதவீதம். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொள்கிறார். இதையே நாள் கணக்கில் பாருங்கள். ஜனவரியில் நாளொன்றுக்கு 12,000, பிப்ரவரியில் 11,000. உண்மையான இறக்கம் 8 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. மீதிப் பாதியைக் காலண்டர்தான் எடுத்துக்கொண்டது.

இன்னும் ஒரு படி மேலே போங்கள். இந்தப் பிப்ரவரியைச் சென்ற பிப்ரவரியோடு ஒப்பிடுங்கள். அப்போது நாளொன்றுக்கு 10,500 ஆக இருந்திருந்தால், இந்தக் கடை வளர்ந்திருக்கிறதே தவிர தேயவில்லை. விலைவாசி ஏறியதால் மட்டும் ரூபாய் கூடியிருக்கலாம் என்ற சந்தேகம் வரும். அதற்குப் பில் எண்ணிக்கையையும் பாருங்கள். வருகிற ஆட்கள் குறையவில்லை என்றால் கடை நன்றாகவே இருக்கிறது. குறைந்திருந்தால் அதற்குக் காரணம் தேட வேண்டும். எதுவானாலும் பயப்படுவதற்கு முன் பார்க்க வேண்டியது கணக்கைத்தான்.

மனம் சோர்ந்தால் கடைக்கு என்ன ஆகும்?

இதை எங்கள் கடையை வைத்தே சொல்கிறோம். நாங்கள் அண்ணன் தம்பி இருவர். அப்பா வைத்துவிட்டுப் போன கடையை 28 ஆண்டுகளாக நடத்தி வந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதம், அடுத்த தெருவில் குளிர்சாதன வசதியோடு ஒரு பெரிய கடை திறந்தார்கள். செல்போனில் சொன்னால் வீட்டுக்கே சாமான் கொண்டுவருபவர்களும் அதே சமயம் ஊருக்குள் வந்தார்கள். பொங்கலுக்குப் பிறகு எங்கள் கல்லாவில் விழுந்த பணத்தை எண்ண இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

போட்டியால் வந்த நஷ்டம் ஒரு பங்கு என்றால், நாங்களாகத் தேடிக்கொண்டது இரண்டு பங்கு. எப்படி என்றால், சரக்கு போடுவதைக் கண்ணை மூடிக்கொண்டு குறைத்தோம். சீரகம் தீர்ந்தால், "பிறகு பார்க்கலாம்" என்றோம். கடலை மாவு கேட்டால் இல்லை என்றோம். ஐந்து சாமான் கேட்டு வந்தவருக்கு மூன்றுதான் கிடைத்தது. அடுத்த முறை அவர் அந்த ஐந்தையும் வேறு இடத்தில் வாங்கினார். மின்கட்டணம் மிச்சம் என்று பாதி விளக்கை அணைத்தோம். இரவு 9.30க்குச் சாத்தும் கடையை 8 மணிக்கே சாத்தினோம். பின்னால் இருந்த ரவையில் வண்டு விழுந்ததைக்கூட வாங்கியவர் வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அன்று பட்ட வெட்கம் கொஞ்சமல்ல.

மாசி பிறந்ததும் தம்பி சொன்னான்: "அண்ணே, பங்குனியோட முடிச்சுக்குவோம். இடத்த வாடகைக்கு விட்டா மாசம் பொறந்தா பணம் வரும். இந்தச் சீரகத்தையும் சோம்பையும் நிறுத்துக்கிட்டு ஆயுசு போயிருச்சு." செல்போன் கடைக்காரர் ஒருவர் வந்து இடத்தை அளந்தும் பார்த்துவிட்டுப் போனார். அண்ணனாலும் மறுத்துப் பேச முடியவில்லை.

ஒரு பள்ளிப் பிள்ளை கேட்ட கேள்வி

அந்த வாரத்தில் ஒரு மாலை, ஆறாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி கால் கிலோ உளுந்து வாங்க வந்தாள். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள்.

"அண்ணாச்சி, பெருங்காயம் எந்த மரத்துல காய்க்கும்? டீச்சர் எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க."

"அது காய் இல்ல பாப்பா, பிசின்" என்றான் தம்பி.

"எந்த மரத்துப் பிசின்?"

எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. 28 ஆண்டுகளாகக் கட்டியாகவும் தூளாகவும் விற்ற சரக்கு. "நாளைக்கு வா, சொல்றேன்" என்று அனுப்பிவிட்டு, சரக்குப் போடும் மொத்த வியாபாரியைப் போனில் கேட்டோம். "டப்பாவுல வருது அண்ணாச்சி, விக்கிறோம்" என்றார் அவர். அவரைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை?

அன்று இரவு கடை சாத்திய பிறகு உட்கார்ந்து தேடிப் படித்தோம். பெருங்காயம் மரத்தில் வருவதே அல்ல. காரட், கொத்தமல்லி குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடி. ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் போன்ற நாடுகளின் வறண்ட குளிர்ப் பகுதிகளில் வளர்வது. சில ஆண்டுகள் வளர்ந்த செடியின் தடித்த வேரைக் கீறினால் பால் வடியும். அது உறைந்து பிசினாகும். அதன் நெடி அப்படியே தாங்க முடியாது என்பதால் மாவும் பிசினும் கலந்துதான் நாம் விற்கும் கூட்டுப் பெருங்காயம் செய்கிறார்கள். சாம்பாருக்கும் ரசத்துக்கும் இதை இவ்வளவு பயன்படுத்தும் நம் நாடு, மூலப் பிசினுக்கு வெளிநாட்டையே நம்பியிருந்தது. 2020 அக்டோபர் 15 அன்றுதான் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில், பாலம்பூரில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனம் முதல் கன்றை நட்டது.

மறுநாள் தம்பியே அந்தச் சிறுமிக்கு இதையெல்லாம் சொன்னான். அவள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு நின்றாள். அடுத்த நாள் கிராம்பைப் பற்றிக் கேட்க இன்னும் இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். கடையை முடித்துக்கொள்வோம் என்று சொன்னவன், அன்று இரவும் உட்கார்ந்து படித்தான்.

நம் அலமாரியில் இருக்கும் உலகம்

தினம் கையாளும் பொருள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. அதுதான் சலிப்பின் வேர். மீண்டும் ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

கிராம்பு ஒரு காயும் அல்ல, விதையும் அல்ல. விரியாத பூமொட்டு. மலர்வதற்கு முன் பறித்துக் காயவைப்பது. இதன் பூர்வீகம் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். இதற்காக ஐரோப்பிய நாடுகள் கப்பல் கப்பலாகப் போய்ச் சண்டையிட்டன. இன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்து மலைத் தோட்டங்களிலும் விளைகிறது. அந்தக் கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மிளகாய் நம்முடையது என்றே நினைக்கிறோம். கொலம்பஸ் 1492இல் அமெரிக்கா போவதற்கு முன், நம் நாட்டில் யாரும் மிளகாயைக் கண்டதில்லை. போர்ச்சுகீசியர்கள் மூலம் வந்த சரக்கு அது. அதற்கு முன் நம் சமையலுக்குக் காரம் கொடுத்தது மிளகுதான். புதிதாக வந்த காய்க்கு மிளகின் பெயரையே கொடுத்து மிளகாய் என்றார்கள். வந்த சரக்கு ஊர்ச் சரக்காகவே ஆகி, ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது.

மிளகு கொடியில் பச்சையாக இருக்கிறது. பறித்து வெயிலில் காயவைத்தால் தோல் கறுத்துச் சுருங்கிக் கரு மிளகாகிறது. பழுத்த மிளகின் தோலை ஊறவைத்து நீக்கினால் வெள்ளை மிளகு. இரண்டும் ஒரே கொடியில் விளைந்தவைதான். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் தேறும். விலை ஏன் இவ்வளவு என்று வாடிக்கையாளர் கேட்கும்போது, இந்த ஒரு விவரம் போதும்.

புதுச்சரக்கு வரும் காலம் இதுதான்

இந்தப் படிப்பில் எங்களுக்குக் கிடைத்த பெரிய செய்தி ஒன்று உண்டு. கடையில் ஆள் குறைந்திருக்கும் இதே மாதங்களில்தான் நம் முக்கியச் சரக்குகள் பலவும் நிலத்திலிருந்து புதிதாக வருகின்றன.

வைகாசி, ஆனியில் நட்ட மஞ்சளை ஈரோட்டுப் பக்கம் தையிலிருந்து வெட்டுகிறார்கள். வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றி, விரலி வேறு கிழங்கு வேறாகப் பிரித்து மண்டிக்குக் கொண்டுவருகிறார்கள். கர்நாடகத்தின் கலபுர்கிப் பக்கத்துத் துவரை மார்கழி, தையில் அறுவடையாகிப் புதுப்பருப்பாக வருகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புளி உலுக்குவதும் தை, மாசி தொடங்கித்தான். மலைகளில் மிளகுப் பறிப்பும் இந்தச் சமயமே. குஜராத்தில் ஊஞ்சா சந்தைக்குப் புதுச் சீரகம் மாசி, பங்குனியில் வருகிறது. குண்டூர் மிளகாயும் தையிலிருந்து வரத் தொடங்கிவிடுகிறது.

புதுச்சரக்கு வரும்போது நாம் என்ன செய்கிறோம்? வியாபாரம் மந்தம் என்று சரக்கே வாங்காமல், பழைய சரக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். வாடிக்கையாளர் வீட்டுச் சாம்பாரில் மணம் இல்லை. ஆண்டு முழுவதற்குமான மிளகாய், மல்லி, மஞ்சள், புளி ஆகியவற்றை மாசி, பங்குனியில் வாங்கி, காயவைத்து அரைத்து வைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அந்த வியாபாரம் நம் கண் முன்னேயே வேறு கடைக்குப் போகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை கடைப் பையனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நாங்கள் இருவரும் ஈரோட்டுக்குப் பஸ் ஏறினோம். அங்கே ஏலத்துக்கு வைத்திருந்த புதுமஞ்சளை ஒடித்துப் பார்த்தபோது, உள்ளே இருந்த நிறமும் மணமும் இன்றும் மறக்கவில்லை. "அப்பா கையில இந்த வாசனைதான் இருக்கும்" என்றான் தம்பி. திரும்பி வரும் வழியில் செல்போன் கடைக்காரரைப் பற்றி அவன் பேச்செடுக்கவே இல்லை. நாங்களும் கேட்கவில்லை.

இந்த மாதத்தில் செய்ய வேண்டியவை

மனம் தானாக மாறும் என்று காத்திருந்தால் மாறாது. கை வேலையில் இறங்கினால் மனம் பின்னால் வரும். எங்களுக்குப் பயன்பட்டவற்றை வரிசையாகத் தருகிறோம்.

1. இருப்பு எடுங்கள். மார்ச் 31இல் எப்படியும் எடுத்தாக வேண்டும். கூட்டமில்லாத இப்போதே நாளுக்கு ஓர் அலமாரி என்று தொடங்கினால் சுமை தெரியாது. காலாவதி தேதி நெருங்கியதை முன்னால் வையுங்கள். முதலில் வந்த சரக்கை முதலில் விற்பது என்ற விதியைக் கடைப் பையனுக்கும் பழக்குங்கள்.

2. முடங்கிய சரக்கை விடுவியுங்கள். 60,000 ரூபாய் சரக்கு அசையாமல் கிடக்கிறது, அது 18 சதவீத வட்டிப் பணம் என்றால், மாதம் 900 ரூபாய் சத்தமில்லாமல் போகிறது. நல்ல நிலையில் உள்ளதை வாங்கிய விலைக்கே தள்ளிவிட்டு, அந்தப் பணத்தில் புதுச்சரக்கு போடுவது லாபம். கெட்டுப்போனதை இரக்கம் பார்க்காமல் அழியுங்கள். ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்தவர்கள், அழித்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவைத் திருப்ப வேண்டும் என்பதை நினைவில் வைத்துக் கணக்கரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. கடன் நோட்டைத் திறங்கள். பண்டிகைக் கடன் நீண்டால் கடனும் போகும், வாடிக்கையும் போகும். கோபத்தோடு கேட்காமல், "நெல்லு போட்ட பணம் வந்ததும் கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்று தவணை பேசுங்கள். பெரிய தொகையானால் பாக்கியை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விற்ற சரக்கின் பாக்கிக்கு வழக்குத் தொடரச் சட்டப்படி 3 ஆண்டுக் கெடு உண்டு. கெடுவுக்குள் எழுத்தில் ஒப்புக்கொண்டால், அந்தத் தேதியிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும்.

4. தராசைப் பாருங்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மறுமுத்திரை வேண்டும். தேதி தவறியிருந்தால் இந்த மந்த நாட்களில் முடித்துவிடுங்கள்.

5. கடையைக் கழுவுங்கள். டப்பாக்களை வெயிலில் காயவையுங்கள். அணைத்த விளக்குகளைப் போடுங்கள். இருட்டுக் கடைக்குள் யாரும் ஏறமாட்டார்கள்.

6. ஒரு சரக்கைப் பற்றி ஒரு வாரம் பேசுங்கள். நாங்கள் ஒரு சிலேட்டில் எழுதி வாசலில் மாட்டினோம். "இந்த வாரம்: புதுத் துவரம் பருப்பு. விளைந்த இடம் கலபுர்கி. சீக்கிரம் வேகும்" என்ற அளவுக்குத்தான். தெரியாததை எழுத வேண்டாம். பழையதைப் புதியது என்று எழுதவே வேண்டாம். ஒருமுறை பொய் தெரிந்தால் சிலேட்டை யாரும் பார்க்கமாட்டார்கள்.

7. ஆண்டுக்கு ஒருமுறையாவது சரக்கு விளையும் ஊருக்கோ, பெரிய சந்தைக்கோ போய் வாருங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூட்டையை மட்டும் பார்த்த பிள்ளை கடைக்கு வரத் தயங்குவான். மூட்டை எங்கிருந்து புறப்பட்டது என்று பார்த்தவனுக்குத் தொழில் மேல் ஒரு மதிப்பு வரும்.

முடிவாகச் சில வார்த்தைகள்

இவற்றைச் செய்ததும் எங்கள் கல்லா மறுநாளே நிரம்பிவிடவில்லை. அந்த மாசி மந்தமாகவேதான் போனது. பெரிய கடையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. போன வாடிக்கையில் சிலர் திரும்பவே இல்லை. ஆனால் பங்குனியில் மிளகாய், மல்லி, மஞ்சள், புளி என்று ஆண்டுச் சாமான் வாங்க வந்தவர்கள், எங்கள் கடையில் இருந்ததை மோந்து பார்த்தே வாங்கினார்கள். "உங்க கடையில கேட்டா விவரம் சொல்றீங்க" என்று ஓர் அம்மா சொன்னார். குளிர்சாதனக் கடையின் அலமாரி எவ்வளவு பளபளத்தாலும், கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்லாது. நாம் சொல்லலாம். நம்மிடம் இருக்கும் முதல்களில் அதுவும் ஒன்று.

டெல்டா மாவட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. சம்பா நெல்லை அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னதாகவே, நிற்கிற பயிருக்குள் ஈரத்தில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். நெல் அறுத்து முடிந்தபின் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் தரிசு. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தால் தாள்களுக்கு நடுவே உளுந்து முளைத்திருக்கும். எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே அது வளர்ந்து, பங்குனியில் காய்த்து, நம் கடைக்கே மூட்டையாக வந்து சேரும்.

பொங்கலுக்குப் பின் ஆளில்லாமல் கிடக்கும் நம் கடையையும் கொஞ்சம் குனிந்து பார்ப்போம், நண்பர்களே. அடுத்த பருவத்துக்கான விதை தூவ வேண்டிய நேரம் இதுதான். எங்கள் கடையில் தம்பிதான் இப்போதும் சிலேட்டில் எழுதுகிறான். இந்த வாரச் சரக்கு, புது உளுந்து.